மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயப்போட: சீலிங்கில் மாட்டும் கொடியை முதல் தடவை வாங்குபவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம்ம பக்கம் துணி காயப்போடுவதே ஒரு தனி வேலையாகிவிடும். காலையில் வெயில் அடிக்கிறதே என்று மாடியில் போட்டுவிட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வரும், ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தால் அரைமணியில் மறுபடி வெயில், திரும்பக் கொண்டுபோய்ப் போட்டால் மறுபடி தூறல். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம், எந்தப் பக்கம் என்றாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இப்படித்தான், வருஷ மழையில் பெரும்பங்கு நமக்கு இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. துணி அதிகமாகச் சேர்வதும் இதே மாதங்களில்தான். மாயவரம் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்கக் குளித்துவிட்டு ஈரத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள், கார்த்திகையில் மாலை போட்டவர் இருக்கும் வீட்டில் இரண்டு வேளைக் குளியலுக்கும் வேட்டி துண்டு அலசி அலசிப் போட வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் யூனிஃபார்ம் மறுநாள் காலைக்குள் காய்ந்தாக வேண்டும்.

மழை மட்டும் காரணம் இல்லை. குறுவை அறுவடை நடக்கும்போது வயல் ஓரத்து வீடுகளில் மாடியில் காயும் துணியில் நெல் சுணை ஒட்டிக்கொள்ளும், அதை உடுத்தினால் நாள் முழுக்க அரிப்புதான். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உமிச் சாம்பல். மார்கழியில் ராத்திரி வெளியே விட்ட துணி பனியில் நனைந்து, காலையில் மறுபடி ஈரமாகவே இருக்கும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் வீட்டுக்குள்ளேயே சீலிங்கில் மாட்டி, கயிற்றை இழுத்தால் மேலே ஏறிக்கொள்ளும் கொடியை இப்போது பலரும் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் ‘துணி காயவே இல்லை, வாடை அடிக்குது’ என்று சொல்வதும் காதில் விழுகிறது. கொடி மேல் குறை இல்லை. மாட்டிய இடமும் போட்ட விதமும்தான் காரணம், அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

நமக்கு இது புதுசும் இல்லை. கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் பழைய அக்கிரகாரத்து வீடுகளில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டி நீளமான மூங்கிலைத் தொங்கவிட்டிருப்பார்கள், ஆசாரத்துக்காகத் தனியாகத் துவைத்து உலர்த்தும் மடித்துணியை மற்றவர்கள் கை படாமல் ஒரு கோலால் தூக்கி அந்த மூங்கிலில் விரிப்பார்கள். இப்போது வருவது அதே யோசனைதான், மூங்கிலுக்குப் பதில் பைப், கோலுக்குப் பதில் கப்பியும் கயிறும்.

துணி எப்படிக் காய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். வெயில் இல்லாத நாளில் துணியைக் காய வைப்பது காற்றோட்டம் மட்டும்தான். துணியை ஒட்டியிருக்கும் காற்று ஈரத்தை வாங்கி நிரம்பிவிடும், அது நகர்ந்து போய்ப் புதுக் காற்று வந்தால்தான் அடுத்த ஈரம் கிளம்பும். அடைமழை நாளில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் வாங்கும், ஆகவே நிறையச் சுற்று வேண்டும். நின்ற காற்றில் எத்தனை நேரம் தொங்கினாலும் நசநசப்பு போகாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையால் பிழிந்த துணி ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீரை வைத்திருக்கும், மெஷினில் நன்றாக ஸ்பின் செய்தது அதில் பாதி அளவு. அஞ்சு கிலோ துணியைக் கையால் பிழிந்து வீட்டுக்குள் போட்டால் நாலஞ்சு லிட்டர் தண்ணீர் அந்த அறைக் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். அது வெளியேற வழி இல்லையென்றால் சுவரில்தான் போய்ப் படியும். ஏற்கெனவே ஓதம் ஏறியிருக்கும் பழைய சுவர் என்றால் பூஞ்சை பிடிக்க அது போதும்.

இடம் பார்ப்பது

கொடி வாங்குவதற்கு முன்னால் இடம் பாருங்கள், கடைக்குப் போவது அப்புறம்.

மாடிப்படி ஏறி மொட்டைமாடிக் கதவு வரும் அந்தச் சின்ன அறை பல வீடுகளில் சும்மா கிடக்கும், பழைய பேப்பர், உடைந்த நாற்காலி என்று சாமான் போட்டு வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கீழேயிருந்து படி வழியாகக் காற்று ஏறும், மேலே கதவை ஒருக்களித்து வைத்தால் வெளியேறும், யாரும் அங்கே உட்காரப் போவதில்லை. படிக்கு நேர் மேலே மாட்டாமல் சமதளத்துக்கு மேலே மாட்டுங்கள், சொட்டும் தண்ணீரில் படி வழுக்கும், படியில் நின்றுகொண்டு துணி போடுவதும் ஆபத்து.

அடுத்தது கிரில் போட்ட பால்கனி, இல்லையென்றால் துவைக்கிற இடத்துக்கு மேலே. முற்றம் வைத்த வீடு என்றால் முற்றத்தை ஒட்டிய கூடம் நன்றாக ஒத்துவரும், முற்றம் மேலே திறந்திருப்பதால் ஈரம் தானாகப் போய்விடும். தாழ்வாரம் வேண்டாம். ஓடு தாழ இறங்குவதால் துணி முகத்தில் இடிக்கும், சாரலும் அடிக்கும்.

படுக்கையறையில் மாட்டுவதை எப்படியாவது தவிர்த்துவிடுங்கள், அதுவும் வீசிங் இருக்கிற குழந்தையோ பெரியவரோ படுக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். சமையலறையில் தாளிப்பு வாடை துணியில் ஏறிக்கொள்ளும். இன்வெர்ட்டர், பேட்டரி, ஃபிரிட்ஜ், ஸ்விட்ச் போர்டு எதற்கும் மேலே சொட்டு விழக் கூடாது.

இடத்தை முடிவு பண்ணியதும் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அங்கே நில்லுங்கள். புகை நேராக மேலே போய்த் தேங்கினால் அங்கே காற்று இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் இருக்கிறது. ஜன்னல்களை மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் நமக்கு வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும், அந்தப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்தால் சாரல் உள்ளே வரும். அந்தப் பக்கம் கொஞ்சமாகவும், தெற்கு அல்லது மேற்குப் பக்கம் முழுசாகவும் திறந்து வைத்தால் காற்று உள்ளே நுழைந்து அறையைக் கடந்து போகும். ஒரே ஒரு ஜன்னல்தான் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் சரிவராது.

மேலே என்ன கூரை இருக்கிறது

காங்கிரீட் தளம் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு கட்டையால் சீலிங்கைத் தட்டும்போது ‘ணங்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி, ‘டொப் டொப்’ என்று பொக்கையாகக் கேட்டால் பூச்சு தளத்தை விட்டு விலகியிருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருவேறி, உப்பி, காரையைத் தள்ளிவிடும். அப்படி விரிசலோ துருக்கறையோ தெரிகிற இடத்தில் எதையும் மாட்டாதீர்கள், முதலில் தளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் தேக்குச் சட்டங்களுக்கு மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். அந்தச் செங்கல்லில் துளை போடக் கூடாது, சட்டத்தில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும். ஓட்டு வீட்டிலும் அப்படித்தான், உத்தரத்தில் மாட்டலாம், ஓட்டைத் தாங்கும் மெல்லிய சரத்தில் மாட்டக் கூடாது. மரத்தைக் கூர்மையான ஆணியால் குத்திப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் கரையானோ உளுத்தலோ இருக்கிறது. சிமெண்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஷீட்டைத் தொடவே வேண்டாம். அது எடை தாங்காது, துளை போட்டால் கிளம்பும் ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பைப்பிலோ ஆங்கிளிலோ கிளாம்ப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஃபால்ஸ் சீலிங்கும் அதே மாதிரி, அந்த அட்டை தன் எடையைத் தாங்குவதோடு சரி, அதற்கு மேலே இருக்கும் தளம் வரை ஆங்கர் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போய்ப் பிடிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் துளை போட விரும்பாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நம்ம ஊர் வீடுகளில் கூடத்தில் ஊஞ்சல் வளையம் இருக்கும், ரெண்டு மூணு பேர் உட்கார்ந்து ஆடுவதைத் தாங்குகிற வளையம். மழை மாதங்களில் ஊஞ்சல் பலகையைக் கழற்றிவைத்துவிட்டு அந்த வளையங்களில் கெட்டியான கயிற்றில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, மூங்கிலோ பைப்போ தொங்கவிட்டால் ஒரு ஆணி கூட அடிக்காமல் வேலை முடிந்தது. பலகை தொங்கும் சங்கிலியிலேயே துணி போடாதீர்கள், துருக்கறை பட்டால் வெள்ளை வேட்டியில் போகாது. ஃபேன் மாட்டும் கொக்கியை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம், அதற்குள் கரண்ட் வயர் வருகிறது.

வாங்கும்போது

கடையில் ரெண்டு மூணு விதம் காட்டுவார்கள். ஒன்று, எல்லாப் பைப்பும் ஒரே சட்டத்தில் இருந்து மொத்தமாக ஏறி இறங்குவது. இன்னொன்று, ஒவ்வொரு பைப்புக்கும் தனிக்கயிறு, ஒவ்வொன்றாக இறக்கலாம். கைப்பிடியைச் சுற்றினால் இறங்குவதும், மோட்டார் வைத்ததும் உண்டு. நம்ம ஊருக்குத் தனிக்கயிறு வைத்ததையே எடுங்கள் என்பேன், ஏன் என்று துணி போடுகிற இடத்தில் சொல்கிறேன். மோட்டார் வைத்ததை நான் சிபாரிசு செய்வதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, துணி காயாமல் திண்டாடுகிற நாட்களும் கரண்ட் போகிற நாட்களும் நமக்கு ஒன்றாகத்தான் வருகின்றன.

நீளம் பாருங்கள். 4 அடியிலிருந்து 8 அடி வரை கிடைக்கும். எட்டு முழ வேட்டி கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம், அதை ஒரு மடிப்பு மடித்தால் 2 மீட்டர், 7 அடிப் பைப்பில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்துவிடும். வீட்டில் வேட்டி புடவை அதிகம் என்றால் 7 அடி, சட்டை பேண்ட் சுடிதார்தான் என்றால் 5 அடி போதும்.

உயரமும் முக்கியம். 10 அடி சீலிங்கில் பைப் ஒரு அடி கீழே தொங்கும், துணி ரெண்டரை அடி இறங்கும், மீதி ஆறரை அடி, தலையில் இடிக்காது. சீலிங் 9 அடிக்குக் கீழே என்றால் ஆள் நடமாடும் வழியில் மாட்டாதீர்கள்.

கடலோர ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். 202 என்று விலை மலிவாக வருவது உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்புள்ளி காட்டும். அலுமினியம் துருப்பிடிக்காது, லேசாகவும் இருக்கும், ஆனால் புதிதில் கறுப்பாக மை மாதிரி ஒட்டும், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத் துணியில் கறுப்பு வராத வரைக்கும் வெள்ளைத் துணியைப் போடாதீர்கள். பைப்பின் ரெண்டு முனையிலும் மூடி இருக்கிறதா பாருங்கள், திறந்த பைப்புக்குள் குளவி மண் கூடு கட்டிவிடும். கப்பி பிளாஸ்டிக்கா உலோகமா என்று திருப்பிப் பாருங்கள், கயிறு ஓடும் பள்ளம் வழவழப்பாக இருக்க வேண்டும், பிசிறு இருந்தால் அதுவே கயிற்றை அறுக்கும்.

எடை விஷயத்தில், பெட்டியில் போட்டிருப்பதில் பாதிதான் உங்கள் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜமக்காளமும் கெட்டிக் கம்பளியும் இதில் போடுகிற பொருளே இல்லை.

மாட்டுவது

டிரில்லிங் மெஷின் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீசியனையோ ஆசாரியையோ கூப்பிடுங்கள், சின்ன வேலைதான், ஆனால் பக்கத்தில் நின்று கீழே சொல்வதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

காங்கிரீட் தளத்துக்குள்ளே வயர் போகும் பைப் புதைந்திருக்கும், பெரும்பாலும் ஃபேன் கொக்கியிலிருந்து ஸ்விட்ச் போர்டு இருக்கும் சுவரை நோக்கி. அந்தப் பாதையில் துளை போடாதீர்கள். அந்த அறையின் மெயினை அணைத்துவிட்டு, டிரில்லிங் மெஷினுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளுங்கள். ஃபேனிலிருந்தும் விலக வேண்டும். சாதாரண 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி போகும், அதற்கு மேலும் 2 அடியாவது தள்ளித்தான் முதல் பைப் வர வேண்டும், காற்றில் பறக்கும் புடவைத் தலைப்பு எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பைப் எந்தத் திசையில் ஓட வேண்டும்? காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கமாக. ஊதுவத்திப் புகை கிழக்கிலிருந்து மேற்கே போனால் பைப்பும் கிழக்கு மேற்காக. அப்போதுதான் ரெண்டு வரிசைத் துணிக்கு நடுவில் காற்று புகுந்து மறுமுனை வரை ஓடும். குறுக்கே மாட்டினால் முதல் வரிசைத் துணி மட்டும் காய்ந்து, பின்னால் இருப்பதெல்லாம் மறைந்துபோகும்.

சுவரை ஒட்டி மாட்ட வேண்டாம், ஒரு அடியாவது விடுங்கள். கப்பியைச் சீலிங்கில் பிடிக்கும் ரெண்டு பிராக்கெட்டுக்கும் உரிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பைப்பையே பிடித்து அளந்து சரிபாருங்கள். துளை போடும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கீழே பழைய போர்வையை விரித்துவிடுங்கள். பிட் கெட்டியாக எதிலோ மோதிக் கீச்சென்று கத்தினால் அது கம்பி, அழுத்தாமல் ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். சீலிங் பூச்சு அரை அங்குலம் வரை இருக்கும், அதில் பிடிப்பு கிடையாது, அதைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள் ஆங்கர் இறங்க வேண்டும்.

பெட்டியோடு பெரும்பாலும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் கொடுப்பார்கள். சுவருக்கு அது போதும். தலைக்கு மேலே எந்நேரமும் கீழ்நோக்கி இழுக்கிற எடைக்கு அதை நம்பாதீர்கள், ஹார்ட்வேர் கடையில் இரும்பு ஆங்கர் போல்ட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குச் சொன்ன அளவு பிட்டையே போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு ஆங்கரைத் தட்டி முறுக்கினால் கெட்டியாகப் பிடிக்கும், சுற்றிக்கொண்டே இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், வேறு இடத்தில் துளை போடுங்கள். மரச்சட்டம் என்றால் முதலில் மெல்லிய பிட்டால் வழித்துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை இறக்கினால் மரம் வெடிக்காது.

கயிறு கோப்பது பார்க்கத்தான் குழப்பமாக இருக்கும். ஒரு பைப்புக்கு ரெண்டு முனை, ரெண்டு கயிறு. பக்கத்து முனையின் கயிறு நேராகப் பக்கத்துக் கப்பி வழியாகச் சுவருக்கு வரும், தூரத்து முனையின் கயிறு தூரத்துக் கப்பியில் ஏறிச் சீலிங் ஓரமாக ஓடிப் பக்கத்துக் கப்பி வழியாக அதே இடத்துக்கு வரும். ரெண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் பைப் மட்டமாக ஏறும். பைப்பை முழுசாகக் கீழே இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் ரெண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு பைப்பாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், எல்லாக் கயிற்றையும் ஒரே நேரத்தில் கோத்தால் சிக்கிக்கொள்ளும்.

சுவரில் கயிறு சுற்றும் கொக்கியை 5 அடி உயரத்துக்கு மேலே வையுங்கள். மீதிக் கயிறு வளையமாகத் தொங்கவே கூடாது, சின்னக் குழந்தைகள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஆபத்து உண்மையானது. சுற்றி, மேலே செருகிவிடுங்கள். தூளி கட்டவோ பிள்ளைகள் தொங்கி விளையாடவோ விடாதீர்கள்.

துணி போடுவதற்கு முன்னால் சோதனை. 10 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் 10 கிலோ. பைப் ஒவ்வொன்றும் தாங்கும் என்று போட்டிருக்கும் எடைக்குள் வாளியில் தண்ணீரை ஊற்றி, நடுவில் கட்டி, மேலே இழுத்து ஒரு ராத்திரி விடுங்கள், அடியில் யாரும் படுக்க வேண்டாம். காலையில் பிராக்கெட் ஒரு நூல் கூட நகராமல், பூச்சில் மயிரிழை விரிசலும் இல்லாமல் இருந்தால் தைரியமாக உபயோகிக்கலாம்.

துணி போடுகிற விதம்

மேலே ஏற்றுவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீரை எடுத்துவிடுகிறீர்களோ அவ்வளவு நேரம் மிச்சம். மெஷின் இருந்தால் மழைக்காலத்தில் ஸ்பின்னை இன்னொரு தடவை ஓட்டுங்கள். கைத்துவைப்பு என்றால் பிழிந்ததும் குழாய் மேல் அரைமணி தொங்கவிட்டுச் சொட்டு நின்றதும் கொடிக்கு எடுத்துப் போங்கள். முறுக்கிப் பிழியக் கூடாத துணியை உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள், துண்டு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஓங்கி ஒரு உதறு உதறிவிட்டுத்தான் போட வேண்டும், உதறினால் இழை பிரிந்து காற்று புகும்.

இப்போது தனிக்கயிறு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பைப்பையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றாதீர்கள். ஒன்று மேலே, அடுத்தது ஒரு அடி கீழே, அடுத்தது மேலே என்று மாற்றி மாற்றி விட்டால் துணிக்கும் துணிக்கும் நடுவில் இடம் விழும். அடைமழை நாளில் ஒரு பைப் விட்டு ஒரு பைப் காலியாக விடுங்கள். பாதித் துணி நன்றாகக் காய்வது, முழுத்துணியும் அரைகுறையாகக் காய்வதைவிட மேல்.

புடவைக்கு ஒரு வழி சொல்கிறேன், இது தெரிந்தால் மழைக்காலத்தில் பாதிக் கவலை போய்விடும். அஞ்சரை மீட்டர் புடவையை நாலாக மடித்துப் போட்டால் உள் மடிப்பு அன்றைக்குக் காயாது. மடிக்காமல் நாலு பைப்பின் மேலே அலை அலையாக விடுங்கள்: முதல் பைப்பில் 3 அடி தொங்கட்டும், அடுத்தடுத்த பைப்புக்கு நடுவில் 2 அடி ஆழத்துக்குத் தொய்யட்டும், கடைசிப் பைப்பில் மறுபடி 3 அடி. மொத்தம் அஞ்சரை மீட்டரும் ஒற்றை அடுக்காக விரிந்துவிடும், எங்கேயும் துணி மேல் துணி படாது. நாலு பைப்பையும் ஒன்றாக இறக்கி, போட்டுவிட்டு, ஒன்றாக ஏற்ற வேண்டும், ரெண்டு பேர் இருந்தால் சீக்கிரம் ஆகும். ஒன்பது கஜம் என்றால் அதே மாதிரி ஆறு பைப். பட்டுப்புடவையை இப்படி ஈரத்தோடு தொங்கவிடாதீர்கள், அது வேறு பக்குவம்.

வேட்டியையும் ரெண்டு பைப் மேலே போர்த்தினால் நடுவில் கூடாரம் மாதிரி இடைவெளி வரும், ஒரே பைப்பில் தொங்குவதைவிட வேகமாகக் காயும். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, பாக்கெட்டை இழுத்துவிட்டு, இடுப்பு விரிந்திருக்கும்படி ரெண்டு க்ளிப்பில் தொங்கவிடுங்கள். சட்டையை ஹேங்கரில் மாட்டி மேல் பட்டனை மட்டும் போடுங்கள். கெட்டித் துணியைக் காற்று வருகிற முனையிலும், மெல்லியதைத் தள்ளியும் போடுங்கள். மறுநாள் காலைக்கு வேண்டிய யூனிஃபார்முக்கு எப்போதும் நல்ல இடம்.

ஃபேன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சீலிங் ஃபேன் மேலேயிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. இறக்கை மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் துணிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, நடமாட்டம் இல்லாத நேரத்தில், பைப்புகளை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். அதைவிட நல்லது ஒரு பெடஸ்டல் ஃபேனையோ டேபிள் ஃபேனையோ பைப்பின் ஒரு முனையில் வைத்து, வரிசைகளுக்கு நடுவில் காற்று போகும்படி திருப்பி ஓடவிடுவது. 75 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினாலும் ஆகும் கரண்ட் 0.6 யூனிட்தான். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் ஃபேன் போட்டால் அதே ஈரக்காற்றுதான் சுற்றி வரும்.

மூணு நாலு மணி நேரம் கழித்து ஒரு தடவை இறக்கித் திருப்பிப் போடுங்கள், பைப்பில் படிந்திருந்த மடிப்பு ஈரமாகவே இருக்கும். காய்ந்ததா என்று உள்ளங்கையால் தொட்டால் தெரியாது, கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். காலர், இடுப்புப் பட்டை, எலாஸ்டிக், பாக்கெட் தையல் இந்த நாலு இடமும் கடைசியில்தான் காயும். அங்கே மட்டும் மிச்சம் இருந்தால் அயர்ன் பண்ணி முடித்துவிடலாம். ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பக்கத்துத் துணியிலும் கரும்புள்ளி வரும்.

வாடை வந்துவிட்டால்

ஈரத்துணியில் வரும் அந்த மக்கல் வாடைக்குப் பெரும்பாலும் மொராக்செல்லா என்ற வகை பாக்டீரியா காரணம். துணி நீண்ட நேரம் ஈரமாகவே இருந்தால், அழுக்கும் சோப்பும் மிச்சம் இருந்தால், அது பெருகும். மேலே சென்ட் அடிப்பதால் போகாது. துணி தாங்கும் என்றால் வெந்நீரில் ஊறவைத்து மறுபடி அலசி, இந்தத் தடவை சோப்பைக் குறைத்து, ஒரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். துவைத்த துணியை மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் விட்டுவைப்பதுதான் பல வீடுகளில் வாடைக்குத் தொடக்கம். மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் வந்தாலும் வாடை வந்த துணியை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், அந்த வெயில் வீண் போகக் கூடாது.

பராமரிப்பு

பைப்பைத் துணி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், சீலிங் ஓரத்தில் பல்லி எச்சம் விழாத வீடு இல்லை. கப்பி கீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள், அது கயிறு வழியாக இறங்கித் துணியில் கறையாகும். தூசியைத் துடைத்தாலே பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். புரட்டாசியில், மழை தொடங்குவதற்கு முன், ஆங்கர் போல்ட்டுகளை ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள், கயிறு கப்பியில் உரசுகிற இடத்தில் நூல் பிசிறி இருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு கண்டால் அறுகிற வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்ற ஏணி கூட வேண்டாம்: பைப்பைக் கீழே இறக்கி, பழைய கயிற்றின் முனையோடு புதுக்கயிற்றின் முனையை நேருக்கு நேர் வைத்து மெல்லிய டேப் சுற்றி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் பழையது வெளியே வரும்போதே புதியது கப்பிகள் வழியாகத் தானாகக் கோத்துக்கொண்டு வந்துவிடும்.